பன்மொழிச் செய்திகளுக்கு யூடிஎஃப்-8 குறியாக்கமே இயல்பிருப்பாக இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சேலம் மாவட்டத்தில் இன்று கூட்டுறவுச் சங்கங்கள், மண்டிகள், பள்ளிகள், மருத்துவமனைகள் என்று பலரும் தங்கள் உறுப்பினர்களுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் குறுஞ்செய்தி, மின்னஞ்சல், செயலி ஆகியவற்றின் வழியே செய்தி அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். இதற்கான மென்பொருளை வாங்கும்போது விலை என்ன, ஒரு நாளில் எத்தனை செய்தி போகும், பழுது வந்தால் யார் வந்து பார்ப்பார்கள் என்றெல்லாம் விசாரிப்பவர்கள், அது எந்த எழுத்துக் குறியாக்கத்தில், அதாவது எழுத்துகளை எண்களாகப் பதிவுசெய்யும் எந்த முறையில், இயங்குகிறது என்று மட்டும் கேட்பதில்லை. யாரும் எதையும் தேர்ந்தெடுக்காதபோது மென்பொருள் தானாக எடுத்துக்கொள்ளும் அமைப்புக்கு டிஃபால்ட் என்றும் இயல்பிருப்பு என்றும் பெயர். பல மொழிகளில் செய்தி போய்வரும் எந்த ஏற்பாட்டிலும், எழுதும் இடம், சேமிக்கும் இடம், அனுப்பும் இடம், பெறும் இடம் ஆகிய அனைத்திலும் இந்த இயல்பிருப்பு உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் தரும் யூனிக்கோட்டின் யூடிஎஃப்-8 குறியாக்கமாக இருக்க வேண்டும் என்பதையும், அதை நம் ஊர் நிறுவனங்கள் கொள்முதல் ஆணையிலேயே எழுத்துமூலம் கேட்டுப் பெற வேண்டும் என்பதையும் வலியுறுத்தவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

செவ்வாய்ப்பேட்டையில் டிடிபி வேலையும் வணிகக் கடிதங்களை மொழிபெயர்க்கும் வேலையும் செய்துவருபவன் என்ற முறையில், உடைந்த எழுத்துகளை நான் அன்றாடம் பார்க்கிறேன். அண்மையில் ஏற்காட்டு மலைக்கிராமம் ஒன்றைச் சேர்ந்த மிளகு விவசாயி ஒருவர், தமக்கு வந்திருந்த குறுஞ்செய்தியைக் காட்டி, "இதுல என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க சார்" என்றார். தேதியும் இரண்டு எண்களும் சரியாக இருந்தன. மற்றதெல்லாம் கேள்விக்குறிகள். ஐந்து கேள்விக்குறி, ஓர் இடைவெளி, பிறகு எட்டு, பிறகு மறுபடியும் ஐந்து. படித்துச் சொல்வதற்கு அதில் எதுவுமே மிச்சம் இல்லை. அனுப்பிய அலுவலகத்தில் கேட்டதற்கு, தாங்கள் தமிழில்தான் அனுப்பியதாகவும் அவருடைய போனில்தான் கோளாறு என்றும் பதில் சொல்லிவிட்டார்களாம். புதுப் போன் வாங்க வேண்டுமா என்று அந்தப் பெரியவர் கவலையோடு கேட்டார்.

கோளாறு போனில் இல்லை என்பதற்கு அந்தக் கேள்விக்குறிகளே சாட்சி. 'சேலம்' என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிக்கோட்டில் அது ச, ஏகாரக் குறி, ல, ம, புள்ளி என ஐந்து குறியெண்களாகப் பதிவாகிறது. 'மிளகு' என்பதும் ம, இகரக் குறி, ள, க, உகரக் குறி என ஐந்துதான். செய்தியை வாங்கி அனுப்பும் இடைநிலைச் சேவைகளில், யூனிக்கோடு என்று தனியாகக் குறிப்பிட்டால் ஒழிய எல்லாச் செய்தியும் வெறும் ஆங்கிலமாகவே கொள்ளப்படும் வகையில் அமைந்தவை உண்டு. அப்படிப்பட்ட அமைப்பில், எழுத்துக்கு எண் தரும் தன் அட்டவணையில் இடமில்லாத ஒவ்வொரு குறியெண்ணையும் தூக்கி எறிந்துவிட்டு அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறியை வைத்து மென்பொருள் அனுப்பிவிடுகிறது. சேலமும் ஐந்து கேள்விக்குறி, மிளகும் ஐந்து கேள்விக்குறி. எது எதுவாக இருந்தது என்பதை இனி எந்த நிபுணராலும் மீட்டெடுக்க முடியாது. செய்தி போனுக்கு வந்து சேர்வதற்கு முன்பே, அனுப்பிய பக்கத்திலேயே, தமிழ் அழிந்துவிட்டது.

இன்னொரு வகை உடைப்பும் உண்டு. மின்னஞ்சல்களில் இதைப் பார்த்திருப்பீர்கள். தலையில் சாய்கோடு இட்ட ஆங்கிலச் சிறிய 'ஏ', அடுத்து ஒரு வட்டத்துக்குள் 'ஆர்', அதன் பிறகு ஏதாவது ஒரு குறி. மறுபடியும் அதே 'ஏ', அதே வட்டம் என்று திரை முழுவதும் நிரம்பி வரும். பார்க்க இது கேள்விக்குறியைவிட மோசமாகத் தெரிந்தாலும், உண்மையில் இதில் ஒன்றும் தொலைந்துபோகவில்லை. யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் அன்றாடத் தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளாக, அதாவது 0 முதல் 255 வரையிலான மூன்று எண்களாக, நிற்கும். அவற்றில் முதல் பைட் எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. மூன்றாவது மட்டுமே எழுத்துக்கு எழுத்து மாறும். மேற்கு ஐரோப்பிய அட்டவணையில் 224 என்பது சாய்கோட்டு 'ஏ', 174 என்பது வட்டத்துக்குள் 'ஆர்'. ஆக, அனுப்பியவர் சரியாகத்தான் அனுப்பியிருக்கிறார். பெறும் பக்கத்து மென்பொருள் தன் இயல்பிருப்பு அட்டவணையை வைத்து அதைப் பிழையாகப் படித்திருக்கிறது. அட்டவணையை மாற்றிப் படிக்கச் சொன்னால் தமிழ் திரும்ப வந்துவிடும். இந்த இரண்டு வகையையும் வேறுபடுத்திப் பார்க்கத் தெரிந்தாலே, யாரிடம் முறையிட வேண்டும் என்பது தெரிந்துவிடும். கேள்விக்குறி வந்தால் அனுப்பியவரிடமோ நடுவில் சேமித்தவரிடமோ கேட்க வேண்டும். சாய்கோட்டு 'ஏ' வந்தால் பெரும்பாலும் பெறுகிற பக்கத்தைச் சரிசெய்தால் போதும்.

இந்த நிலைமைக்கு யாருடைய தீய எண்ணமும் காரணம் அல்ல. 1963இல் அமெரிக்காவில் முதலில் வெளியாகி 1967இல் திருத்தம் பெற்ற ஆஸ்கி அட்டவணையில் மொத்தம் 128 இடங்களே இருந்தன. ஆங்கிலத்துக்கு அது போதுமானதாக இருந்தது. 1992இல் மின்னஞ்சலுக்காக வகுக்கப்பட்ட மைம் விதிகள், குறியாக்கம் எது என்று சொல்லாமல் வரும் உரையை ஆஸ்கி என்றே கொள்ளச் சொல்லின. இணையப் பக்கங்களை அனுப்பிப் பெறுவதற்காக 1999இல் வெளிவந்த எச்டிடிபி 1.1 விதி, அவ்வாறு வரும் உரையை ஐஎஸ்ஓ 8859-1 என்னும் மேற்கு ஐரோப்பிய அட்டவணைப்படி படிக்கச் சொன்னது. அந்த வரி 2014இல்தான் நீக்கப்பட்டது. நம் ஊரில் பல சிறு மென்பொருள்களுக்கு அடித்தளமாக இருக்கும் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம், 2018இல் 8.0 பதிப்பு வரும்வரை மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான லத்தீன்-1 அட்டவணையையே இயல்பிருப்பாக வைத்திருந்தது. வகுத்தவர்கள் தங்கள் மொழியை வைத்து வகுத்தார்கள். பின்னால் வந்தவர்கள் இருப்பதை மாற்றாமல் தொடர்ந்தார்கள். தமிழ்ப் பெயர்ப்பட்டியலை ஏற்றும்போது யாராவது ஒருவர் ஒரு சொல்லை மாற்றியிருக்க வேண்டும், மாற்றவில்லை. அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அந்த 'அவ்வளவுதான்' ஒரு விவசாயியின் செய்தியை அழித்துவிடுகிறது என்பதாலேயே, மாற்ற வேண்டிய தேவையே எழாதபடி இயல்பிருப்பு அமைய வேண்டும் என்கிறேன்.

அதே காலத்தில் நாமும் நம் பங்குக்குக் குழப்பத்தைக் கூட்டினோம் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்திய மொழிகளுக்குப் பொதுவான இஸ்கி தரம் 1991இல் வந்தது. இணையத்தில் எழுதிய தமிழர்கள் திஸ்கி என்ற அட்டவணையை உருவாக்கிக்கொண்டார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப் என்னும் இரண்டு அட்டவணைகளை ஏற்றது. அச்சகங்களிலோ பாமினி, வானவில், ஸ்ரீலிபி என்று எழுத்துருவுக்கு ஒரு முறை. பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் கோப்பில் பதிவாவது ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும்தான். எழுத்துரு இருக்கும் கணினியில் அது தமிழாகத் தெரியும். இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கிலமாகத் தெரியும். கணினியைப் பொறுத்தவரை அது எப்போதுமே ஆங்கிலம்தான் என்பதால், இதை எந்தக் குறியாக்க அறிவிப்பாலும் சரிசெய்ய முடியாது. ஆனாலும் அந்த முயற்சிகளை நான் குறைத்து மதிப்பிடவில்லை. யூனிக்கோடு எல்லாக் கணினிகளிலும் வேலை செய்யாத நாளில், தமிழைத் திரையில் நிறுத்தியவை அவைதான். இன்றைக்குச் செய்தி அனுப்ப அவற்றைப் பயன்படுத்தக் கூடாது என்பது மட்டுமே என் வாதம்.

சேலத்துக்கு இந்த விஷயம் கூடுதலாகப் பொருந்துவதற்குக் காரணம் நம் வணிகமும் மக்களும் ஒரே மொழியில் அடங்குவதில்லை என்பதே. இங்கு ஆலைகளில் தயாராகும் ஜவ்வரிசி மகாராஷ்டிரத்துக்கும் குஜராத்துக்கும் மேற்கு வங்கத்துக்கும் போகிறது. அங்கே விரத நாட்களில் அதுதான் உணவு. லீ பஜாரில் ஒரு மண்டியிலிருந்து போகும் சரக்கு விவரச் செய்தியில் ஆலையின் பெயர் தமிழிலும், வாங்குபவரின் பெயர் குஜராத்தியிலும், இறக்க வேண்டிய இடத்தின் முகவரி இந்தியிலும், லாரி எண் ஆங்கிலத்திலும், விலை ரூபாய்ச் சின்னத்தோடும் இருக்கும். நகரில் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் வீட்டுமொழியாகக் கொண்ட குடும்பங்கள் ஏராளம். பட்டு நெய்யும் சௌராஷ்டிர மக்களின் சொந்த எழுத்து 2008இல் யூனிக்கோட்டின் 5.1 பதிப்பில் சேர்க்கப்பட்டது. அவர்கள் தங்கள் திருமண அழைப்பில் அந்த எழுத்தையும் தமிழையும் அடுத்தடுத்த வரியில் இன்று அச்சிடவும் முடியும், செய்தியாக அனுப்பவும் முடியும்.

இப்படிப்பட்ட ஒரு செய்தியைப் பழைய அட்டவணைகளில் எழுதவே இயலாது. எட்டு பிட், அதாவது ஒரு பைட், கொண்ட அட்டவணையில் 256 இடங்கள். அதில் பாதி ஆங்கிலத்துக்குப் போய்விடும், மீதிப் பாதியில் ஓர் எழுத்துமுறையைத்தான் வைக்கலாம். திஸ்கியில் குஜராத்திக்கு இடமில்லை. இஸ்கியில் முக்கிய இந்திய எழுத்துகள் பலவற்றுக்கும் இடமுண்டு என்றாலும், தமிழ் 'க'வுக்கும் குஜராத்தி 'க'வுக்கும் ஒரே எண்தான். எந்த எழுத்தில் காட்ட வேண்டும் என்பதை இடையில் வரும் ஒரு மாற்றுக்குறிதான் சொல்லும். ஒலிபெயர்ப்புக்கு மிக நேர்த்தியான அந்த ஏற்பாடு, செய்திக்கு ஆபத்தானது. வரியை வெட்டி ஒட்டும்போது மாற்றுக்குறி விடுபட்டால் குஜராத்திப் பெயர் தமிழ் எழுத்தில் வந்து நிற்கும். யூனிக்கோட்டில் ஒவ்வோர் எழுத்துக்கும் அதற்கே உரிய எண் இருப்பதால், எந்த வரியை எங்கே வெட்டி எங்கே ஒட்டினாலும் அது அதுவாகவே இருக்கிறது. ரூபாய்ச் சின்னமே இதற்கு நல்ல சான்று. தமிழ்நாட்டைச் சேர்ந்த உதயகுமார் வடிவமைத்த அந்தச் சின்னத்தை மத்திய அரசு 2010 ஜூலையில் ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டு அக்டோபரில் யூனிக்கோட்டின் 6.0 பதிப்பில் அது இடம்பெற்றுவிட்டது. பழைய எட்டு பிட் அட்டவணைகள் எதிலும் அதற்கு இடம் கிடையாது.

யூனிக்கோடு எண்களைப் பைட்டுகளாக எழுதப் பல வழிகள் இருக்க, யூடிஎஃப்-8 மட்டும் ஏன் என்று கேட்கலாம். 1992இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வகுத்த இந்த முறையில், ஆங்கில எழுத்துகள் ஆஸ்கியில் இருந்தபடியே ஒரு பைட்டில் இருக்கின்றன. எனவே பழைய கருவிகள் அதைக் கண்டு திணறுவதில்லை. ஓர் எழுத்தின் முதல் பைட்டும் தொடர் பைட்டும் வெவ்வேறு எண் வரம்பில் இருப்பதால், வழியில் ஒரு பைட் தொலைந்தாலும் அந்த ஓர் எழுத்துதான் கெடும், அடுத்த எழுத்திலிருந்து மறுபடி சரியாகப் படிக்கலாம். இரண்டு பைட்டுகளை ஓர் அலகாகக் கொள்ளும் பதினாறு பிட் முறைகளில் எந்தப் பைட் முன்னே, எந்தப் பைட் பின்னே என்ற குழப்பம் உண்டு. இதில் அது இல்லை. இவற்றையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுவது, இதன் கட்டமைப்பு மிகவும் கறாரானது என்பது. திஸ்கியிலோ லத்தீன்-1இலோ எழுதிய ஒரு நீண்ட உரை தற்செயலாகச் சரியான யூடிஎஃப்-8 ஆக அமைவது மிக அரிது. ஆகவே அறிவிப்பு இல்லாமல் வரும் செய்தியை முதலில் யூடிஎஃப்-8 ஆகச் சோதித்துப் பார்த்து, கட்டமைப்பு பொருந்தினால் அப்படியே ஏற்கலாம். பொருந்தாவிட்டால் மட்டும் பழைய அட்டவணையைத் தேடலாம். இன்றும் பல மென்பொருள்கள் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்கின்றன.

இணையத்தின் விதிகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பு, 1998 ஜனவரியிலேயே எல்லா நெறிமுறைகளும் யூடிஎஃப்-8ஐப் பயன்படுத்த வல்லவையாக இருக்க வேண்டும் என்று கொள்கை அறிவித்துவிட்டது. விண்டோஸ் நோட்பேடு 2019இலும், ஜாவா நிரல்மொழி 2022இல் வந்த அதன் 18ஆம் பதிப்பிலும் யூடிஎஃப்-8ஐ இயல்பிருப்பாக்கிக்கொண்டன. உலகின் இணையதளங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுக்கு மேல் இன்று இதில்தான் இயங்குகின்றன. அப்படியிருந்தும் நம் ஊர் அலுவலகத்தில் கேள்விக்குறி வருகிறது என்றால், பழைய பதிப்பு, பழைய அமைப்பு, யாரும் கேட்காத கேள்வி ஆகியவைதான் காரணம்.

இதற்குச் சொல்லப்படும் மறுப்புகளில் முதன்மையானது இடம் பற்றியது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழ்க் குறிக்கு மூன்று பைட் என்பது அநீதி என்று தமிழ் ஆர்வலர்கள் சிலர் வருந்துகிறார்கள். வருத்தத்தில் நியாயம் உண்டு. இடைவெளி நீங்கலாக ஆயிரம் தமிழ்க் குறியெண் கொண்ட ஒரு கடிதம் யூடிஎஃப்-8இல் 3,000 பைட். பதினாறு பிட் முறையில் 2,000 பைட். மின்னஞ்சலில் பேஸ்64 ஆக, அதாவது வெறும் ஆஸ்கி எழுத்துகளாக, மாற்றி அனுப்பும்போது 3,000 என்பது 4,000 ஆகிறது. ஆனால் நாம் தினமும் காலையில் அனுப்பிக்கொள்ளும் ஒரு பூப்படத்தின் அளவு இலட்சக்கணக்கான பைட் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த வேறுபாட்டுக்காகச் செய்தி உடையும் ஆபத்தை ஏற்பது சரியல்ல என்பது என் முடிவு. அதோடு, உரை சுருக்கப்பட்டுப் பயணிக்கும் இடங்களில் இந்த வேறுபாடு பெருமளவு கரைந்தும்விடுகிறது. ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் திரும்பத் திரும்ப வரும் அந்த 224தான் சுருக்குவதற்கு மிக எளிதானது.

உண்மையில் இடப் பற்றாக்குறை கடிக்கும் இடம் குறுஞ்செய்தி. அங்கே ஒரு செய்திக்கு 140 பைட் மட்டுமே. ஏழு பிட் ஆங்கிலமாக இருந்தால் 160 எழுத்து அடங்கும். தமிழ் வந்தால் பதினாறு பிட் முறைக்கு மாறி 70 குறியெண்தான் அடங்கும். நீளும் செய்தியைத் துண்டாக்கி அனுப்பினால் துண்டுக்கு 67. புள்ளிக்கும் துணைக்குறிக்கும் தனித்தனி இடம் பிடிப்பதால், நம் கணக்கில் நாற்பது எழுத்து தாண்டுவதற்குள்ளேயே ஒரு செய்தி தீர்ந்துவிடலாம். இரண்டு செய்திக்கு மூன்று செய்தியாகக் கட்டணம் கூடுகிறது என்பதற்காகவே சில அலுவலகங்கள் யூனிக்கோடு வசதியை அணைத்து வைத்திருக்கின்றன என்று அறிகிறேன். அணைத்து வைத்துவிட்டு ஆங்கிலத்தில் அனுப்பினாலாவது யாரோ ஒருவர் படித்துச் சொல்வார்; அணைத்ததை மறந்து தமிழில் அனுப்புவதுதான் கேள்விக்குறியில் முடிகிறது. சில காசு மிச்சப்படுத்துவதற்காக, படிக்க வேண்டியவருக்குப் படிக்க முடியாத செய்தியை அனுப்புவது எந்த வகையிலும் சிக்கனம் ஆகாது. ரூபாய்ச் சின்னமும் அந்த ஏழு பிட் அட்டவணையில் இல்லை என்பதால், ஆங்கிலச் செய்தியில் அந்த ஒரு சின்னத்தைச் சேர்த்தாலே 160 என்பது 70 ஆகக் குறைந்துவிடும் என்பதையும் அனுப்புவோர் அறிந்திருப்பது நல்லது.

மற்றொரு மறுப்பு இலக்கணம் பற்றியது. யூனிக்கோட்டில் அகரமேறிய மெய்யே அடிப்படையாகவும், புள்ளி அதன்மேல் கூட்டப்படும் குறியாகவும் இருக்கிறது. மெய்யோடு உயிர் சேர்ந்து உயிர்மெய் ஆகும் என்னும் நம் இலக்கண மரபுக்கு இது மாறானது. ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனி எண் தரும் டேஸ்16 என்னும் குறியாக்கம் இந்தக் குறையைத் தீர்க்கவே உருவானது. கோவையில் செம்மொழி மாநாடு நடந்த 2010 ஜூனில் தமிழக அரசு யூனிக்கோட்டைத் தரமாக அறிவித்து, அது இயங்காத இடங்களில் டேஸ்16ஐப் பயன்படுத்தலாம் என்றும் ஆணையிட்டது. அச்சுப் பணிக்கும் மொழி ஆய்வுக்கும் டேஸ்16 உதவலாம். ஆனால் அது யூனிக்கோட்டின் தனிப்பயன் பகுதியில் அமைந்திருக்கிறது. தனிப்பயன் பகுதி என்பது அனுப்புபவரும் பெறுபவரும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டால் மட்டுமே பொருள் தரும் இடம். சூரத்தில் இருக்கும் வியாபாரியின் போனோடு யார் பேசிவைப்பது? செய்திக்கு அது இயல்பிருப்பாக இருக்க இயலாது என்பதை டேஸ்16ஐ மதிப்பவர்களும் ஒப்புக்கொள்வார்கள் என்று நம்புகிறேன்.

வாட்ஸ்அப்பில் தமிழ் உடைவதே இல்லையே என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். உடையாததற்குக் காரணம், அங்கே குறியாக்கம் பற்றி யாரிடமும் எந்தக் கேள்வியும் கேட்கப்படுவதில்லை என்பதுதான். எல்லாச் செய்தியும் யூனிக்கோடு. தேர்வு என்ற ஒன்றே இல்லை. அலுவலக ஏற்பாட்டிலோ, ஒரே செய்தி நான்கைந்து கைகள் மாறுகிறது. பெயர்ப்பட்டியல் எக்செல்லில் இருக்கிறது; அதைச் சாதாரண சிஎஸ்வி கோப்பாக, அதாவது காற்புள்ளியால் பிரித்த வெறும் உரைக் கோப்பாக, சேமித்தால் விண்டோஸின் பழைய அட்டவணைப்படி சேமிக்கப்பட்டு, தமிழ்ப் பெயர்கள் அங்கேயே கேள்விக்குறி ஆகிவிடும். எக்செல் காட்டும் சேமிப்பு வகைகளின் பட்டியலில் 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்று தனியாக ஒரு தேர்வு இருக்கிறது. அதை யாரும் கவனிப்பதில்லை. பிறகு தரவுத்தளம், பிறகு அனுப்பும் மென்பொருள், பிறகு இடைநிலைச் சேவை. இவற்றில் ஒன்று பிசகினாலும் போதும். தரவுத்தளத்தில் இன்னொரு நுட்பமும் உண்டு. மைஎஸ்க்யூஎல்லில் 'யூடிஎஃப்8' என்ற பெயரில் நெடுங்காலம் வழங்கியது மூன்று பைட் வரைதான் கொள்ளும். நான்கு பைட் எழுத்துகளுக்கு 'யூடிஎஃப்8எம்பி4' வேண்டும். நம் அன்றாடத் தமிழ் மூன்று பைட்டில் அடங்கிவிடும் என்றாலும், பழைய நில ஆவணங்களில் வரும் முந்திரி, காணி, மா போன்ற பின்னக் குறிகள் 2019இல் யூனிக்கோட்டில் சேர்ந்தது நான்கு பைட் பகுதியில்தான். எமோஜி என்னும் உணர்ச்சிப் படங்களில் பெரும்பாலானவையும் அங்கேதான் இருக்கின்றன. ஒரு வணக்கம் சொல்லும் கைப்படம் வந்ததும் செய்தியே பாதியில் அறுந்துபோனதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

மின்னஞ்சலில் பழைய மென்பொருள்கள், வந்த கடிதத்தின் குறியாக்கத்திலேயே பதிலையும் அனுப்பும். ஆங்கிலத்தில் லத்தீன்-1 ஆக வந்த கடிதத்துக்குத் தமிழில் பதில் எழுதினால், பதில் கேள்விக்குறியாகப் போகும். பதிலுக்கும் இயல்பிருப்பு யூடிஎஃப்-8 என்று அமைத்துவிட்டால் இந்தத் தொல்லை ஒழியும்.

குறியாக்கம் சரியாக இருந்தும் தேடல் தவறும் இடங்களும் உண்டு. கொண்டலாம்பட்டியின் 'கொ'வை, 'ஒகரக் குறி' என்னும் ஒரே குறியெண்ணாலும் எழுதலாம். எகரக் குறியையும் காலையும் தனித்தனியாக வைத்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. தேடும்போது ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. 'ஔவை'யில் ஒகரத்தையும் ளகரத்தையும் ஒட்டவைத்து எழுதுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முதல் வகைப் பிழையை யூனிக்கோட்டின் சீராக்க விதியான என்எஃப்சி தானாகவே தீர்த்துவிடும். செய்தியைச் சேமிக்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும். இரண்டாவதை மனிதர்கள்தான் திருத்த வேண்டும்.

ஆகவே மென்பொருள் வாங்கும் சங்கச் செயலாளர்களும், பள்ளித் தாளாளர்களும், அலுவலகக் கண்காணிப்பாளர்களும் கொள்முதல் ஆணையில் ஒரு பத்தியைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். எழுதுவது, சேமிப்பது, அனுப்புவது, பெறுவது அனைத்திலும் குறியாக்கம் யூடிஎஃப்-8 ஆகவே இருக்க வேண்டும். ஒவ்வொரு செய்தியோடும் போகும் தலைப்புத் தகவலிலும் அது வெளிப்படையாக அறிவிக்கப்பட வேண்டும். குறுஞ்செய்தியில் யூனிக்கோடு வகை தானாகவே தேர்வாக வேண்டும். ஓர் எழுத்தை அனுப்ப இயலாது என்றால் கேள்விக்குறி இட்டு அனுப்பாமல் செய்தியை நிறுத்திவைத்து அனுப்புபவருக்குத் தெரிவிக்க வேண்டும். இந்தக் கடைசி வரிதான் மிக முக்கியமானது. மென்பொருளைப் பெற்றுக்கொள்ளும் நாளில், தமிழ், இந்தி, குஜராத்தி, தெலுங்கு, சௌராஷ்டிரம் ஆகிய ஒவ்வொன்றிலும் ஒரு சொல்லும், ரூபாய்ச் சின்னமும், ஓர் உணர்ச்சிப் படமும் கொண்ட ஒரே வரியை அனுப்பி, அது தரவுத்தளத்தில் சேர்ந்து, வெளியே போய், போனில் வந்து, பதிலாகத் திரும்பும்வரை உடையாமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் தர வேண்டும். சோதனைக்குச் சில நிமிடங்களே ஆகும்.

பழைய எழுத்துருக்களில் கிடக்கும் கோப்புகளை மாற்றுவது வேறு பணி. அதை அவசரமாகச் செய்யக் கூடாது. எந்த எழுத்துரு என்று உறுதிசெய்து, மாற்றி, மாற்றியதை மனிதர் ஒருவர் படித்துப் பார்த்து, மூலக் கோப்பையும் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். தமிழும் ஆங்கிலமும் கலந்த கோப்பாக இருந்தால் மாற்றும் மென்பொருள் ஆங்கிலச் சொற்களையும் தமிழ் என்று எண்ணி மாற்றிவிடும். பெயர்ப்பட்டியல்களில் இது பெரும் தொல்லை தரும்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். வாசகர் கடிதப் பகுதியில் மின்னஞ்சல் முகவரியை வெளியிடும் இடத்தில், கடிதங்களை யூனிக்கோட்டில் அனுப்புங்கள் என்று ஒரு வரி சேர்த்து வெளியிட்டால், பாமினியிலும் வானவில்லிலும் தட்டச்சு செய்து பழகிய பலர் மாறிக்கொள்வார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குப் பழைய தட்டச்சு விசைப்பலகையை மாற்ற வேண்டிய தேவைகூட இல்லை. அதே விசைகளில் அடித்து யூனிக்கோடாகப் பெறும் இலவச மென்பொருள்கள் கிடைக்கின்றன. அந்தப் பெயர்களையும் ஒரு முறை வெளியிட்டால், என் போன்ற டிடிபி தொழிலாளர்கள் அதை வெட்டி எடுத்துக் கடைச் சுவரில் ஒட்டிவைப்போம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.